நுஸ்ராவின் மூச்சு

கரைக்கு அப்பால், இரசாயனங்கள் ஏற்றிவந்த அந்தக் கப்பல் எரிந்து ஐந்து வருடமாகிறது. பள்ளிவாசல்துறைக் கரையில் பிளாஸ்டிக் மணிகளும் கரிக்கட்டிகளும் வந்து குவிந்தபோது, சாக்கோடு முதலில் இறங்கியவர்களில் றஸீனும் ஒருவன். மீன்பிடிக்கக் கடலுக்குப் போகத் தடை. வீட்டில் சும்மா இருக்கவும் மனம் வரவில்லை. நாற்பது நாள் குனிந்து அள்ளினான்.

அப்படி அள்ளியவர்களின் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்க ஓர் ஆய்வுக் குழு வந்து பள்ளிக்கூட மண்டபத்தில் மேசை போட்டிருந்தது. லேசாக இருமினாலே கரி உள்ளே போய்விட்டதென்று பயப்படுகிறவன் றஸீன். துணைக்கு மனைவி நுஸ்ராவையும் கூட்டிக்கொண்டு போனான்.

டொக்டர் ருஷ்தா மூச்சை அளக்கும் மெசினின் குழாயை நீட்டினார். மூன்று முறை ஊதினான்.

"பயப்பட ஒண்டுமில்ல, றஸீன் நானா. நல்லாத்தான் இருக்கு."

றஸீனுக்கு உயிர் வந்தது.

"கரையில வேலை செய்யாத ஆக்களையும் பாக்கிறம். அப்பத்தான் வித்தியாசம் தெரியும். ராத்தா, நீங்களும் ஒருக்கா ஊதுங்களேன்."

நுஸ்ரா வெட்கத்தோடு சிரித்துவிட்டு ஊதினாள். திரையில் கோடு எழும்பிய வேகத்தில் விழுந்தது. டொக்டர் குழாயை மாற்றினார். பிறகு மெசினையே மாற்றினார். கோடு அதே இடத்தில்தான் விழுந்தது.

"விறகடுப்பா ராத்தா?"

"இல்ல, கேஸ்."

"முட்டு வருத்தம், மூச்சிழுப்பு ஏதும் இருந்திச்சா?"

"இல்ல. கொஞ்சம் நடந்தாக் களைக்கும். வயசு போகுதுதானே."

அவளுக்கு முப்பத்தெட்டு வயது.

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இங்க ஊதின ஒரு ஆம்பிளைக்கும் மூச்சு இவ்வளவு குறையல்ல."

"அவ கரைப் பக்கமே வரல்லயே!" றஸீன் கத்தியேவிட்டான்.

"அந்த நாள்ல நீங்க என்ன செஞ்சீங்க ராத்தா?"

"என்ன செய்ற? உடுப்புக் கழுவினன். இவர்ட மட்டுமில்ல, இருபது பேர்ட. ஊத்தை தெருவுக்குப் போகக் கூடாதெண்டு குளியலறைக்குள்ள வெச்சுத்தான் உதறுவன். ஒரே தூள். கண், மூக்கெல்லாம் எரியும்."

அந்த உடுப்பு மூட்டைகளை மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து வாசலில் போட்டவன் றஸீன்தான். 'என்ட வீட்டில கழுவித் தருவாங்க' என்று எல்லார் முன்னாலும் பெருமையாகச் சொன்னவனும் அவன்தான். அவன் முகக்கவசம் போட்டிருந்தான். அவளுக்கும் ஒன்று வேண்டுமென்று ஒரு நாளாவது தோன்றவில்லை.

டொக்டர் கேள்வித்தாளைப் புரட்டினார். பதினாறு பக்கம். கழுவியவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

"இதாலதான் வந்ததெண்டு இப்ப சொல்லேலாது. ஆனா, கேக்காம விட்டது எங்கட பிழை," என்றார். "கழுவினது நீங்க மட்டுமா?"

"இல்ல, நாங்க ஆறு பேர்."

றஸீன் வீடு வீடாக ஓடினான். நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் நான்கு பெண்கள் வந்து ஊதினார்கள். இரண்டு பேருடைய கோடு நுஸ்ராவுடையதைப் போலவே விழுந்தது.

"ஆறாவது ஆள்?" என்று டொக்டர் கேட்டார்.

"ஜெமீலா," என்றாள் நுஸ்ரா. "போன நோன்புல மௌத்தாப் போயிட்டா. சளி எண்டுதான் சொன்னாங்க."

டொக்டர் கழுவியவர்களுக்கென்று புதிய தாளொன்றை எடுத்து முதல் வரியில் இறந்துபோன ஜெமீலாவின் பெயரை எழுதினார். பிறகு புத்தளம் நெஞ்சு நோய்க் கிளினிக்குக்கு, கோடு விழுந்த மூவருக்கும் மூன்று கடிதம் எழுதினார். முழுதாகச் சுகமாகுமென்று வாக்குக் கொடுக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை புத்தளம் போகும் பஸ்ஸில் அந்த மூன்று பெண்களும் முன்னால் இருந்தார்கள். றஸீன் பின்னால் நின்றான். இடம் காலியாகி நுஸ்ரா கூப்பிட்டும், அவள் பக்கத்தில் போய் இருக்க அவனால் முடியவில்லை.