குளிரைப் பற்றி யாரும் கேட்கவில்லை

கார் கொதிக்கிறது என்று நான் சொன்னால், எங்கள் வீட்டில் முதலில் பார்ப்பது காரை அல்ல, என்னை. "நீர் கியரை இழுத்து இழுத்து ஓடுறீர் வசு" என்பார் என் கணவர் லவன். அவருக்கு லைசென்ஸே இல்லை. லைசென்ஸ் இல்லாத மனிதர் பக்கத்தில் இருந்து எனக்குக் கார் ஓடக் காட்டித்தருவதை நான் பொறுத்துக்கொண்டுதான் வந்தேன்.

காரைத் தந்தவர் லவனின் தமையன் நித்தியானந்தன் அத்தான். ஜெர்மனியில், எங்கள் வுப்பர்டால் நகரில் எந்தத் தமிழ் வீட்டில் கார் வாங்கினாலும் அதன் முன்மூடியைத் திறந்து முதலில் தலையை விடுபவர் அவர்தான். ஊரில் வாடகை வான் ஓடியவர், அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. தன் பழைய காரை எனக்குச் சும்மா தந்துவிட்டு, "தனிய ஓடப்போற பிள்ளை. எல்லாம் பாத்துச் செய்துதான் தாறன்" என்று சொல்லிக் கார்த் திறப்பைக் கையில் வைத்தார். அன்று எனக்குக் கண் கலங்கியது உண்மை.

அந்தக் கார் எனக்கு ஆடம்பரமில்லை. பல வருடம் பிறர் வீட்டுப் படிக்கட்டுகளைக் கழுவிய பிறகு, பிள்ளைகளின் வயதுக்காரரோடு ஒரே வாங்கில் இருந்து படித்து, முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை எடுத்திருந்தேன். இல்லம் நகரத்துக்கு வெளியே, மலைமேல். விடியற்காலை வேலைக்கு அங்கே பஸ் கிடையாது. ஒக்டோபர் முடியும்வரை சோதனைக்காலம். அதற்குள் கார் கொதித்து இரண்டு தரம் பிந்திப் போய்விட்டேன். பொறுப்பாளர் கெஸ்லர் அம்மா என்னைக் கூப்பிட்டு, "உங்கள் வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இன்னொரு தரம் பிந்தினால் நிரந்தர ஒப்பந்தம் தர என்னால் முடியாது" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கோபப்பட்டிருக்கலாம். அவர் அன்பாகச் சொன்னார்.

நகரத்தை விட்டு ஓட்டோபான் நெடுஞ்சாலையில் ஏறினால் நீண்ட ஏற்றம். பாதி ஏறும்போது வெப்பமுள் சிவப்புக்குப் போகும், முன்மூடியிலிருந்து ஆவி கிளம்பும், கூலிங் தண்ணீரின் இனிப்பு மணம் உள்ளே வரும். ஓரத்தில் நிறுத்திவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பேன். ஆனால் வேலை முடிந்து மலை இறங்கி வரும்போது ஒரு தொந்தரவும் இல்லை. கடைக்குப் போய் வந்தாலும் இல்லை. கார் என்னோடு மட்டும், அதுவும் காலையில் மட்டும், கறுவிக்கொண்டு நிற்பதாகவே எனக்குப் பட்டது.

சனிக்கிழமைகளில் அத்தானும், பக்கத்து நகரமான எசனிலிருந்து அவருடைய கூட்டாளி ஸ்ரனிஸ்லாஸ் அண்ணையும் எங்கள் முற்றத்துக்கு வந்துவிடுவார்கள். முதலில் ரேடியேற்றரில் பிழை என்று அதை மாற்றினார்கள். கொதித்தது. பிறகு தண்ணீர்ப் பம்பில் பிழை என்றார்கள். அதையும் மாற்ற, அதன் பிறகும் கொதித்தது. "எஞ்சினுக்குள்ள காத்துப் பிடிச்சிருக்கு" என்றார் ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை. "ஏறேக்கை ஹீற்றரை முழுசாத் திறந்துவிடும், சூடு வெளியில போகும்" என்றார் அத்தான். ஓகஸ்ட் வெயிலில் ஹீற்றரைத் திறந்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க மலை ஏறினேன். இல்லத்தில் இருந்த கிழவி ஒருத்தி என்னைப் பார்த்து, மழையா என்று கேட்டாள்.

அவர்களுக்குச் சொல்லாமல் ஒரு ஜெர்மன் கராஜுக்கும் கொண்டுபோனேன். மெக்கானிக் காரை ஸ்ரார்ட் செய்து முற்றத்தில் நிறுத்தி வைத்தார். கார் நல்ல பிள்ளையாக நின்றது. "ஒன்றுமில்லையே. கொதிக்கும்போது கொண்டு வாருங்கள்" என்றார். கொதிக்கும்போது ஓடக்கூடாது என்று சொன்னவரும் அவரேதான். எனக்குத் தலை சுற்றியது. லவன் சொல்வதுபோல என் ஓட்டத்தில்தான் பிழையோ என்று நானே நினைக்கத் தொடங்கினேன். அதன் பிறகு ஒரு மணித்தியாலம் முந்திப் புறப்பட்டு, லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து ஏறினேன்.

ஒக்டோபர் பிறந்து குளிர் இறங்கியது. ஒருநாள் காலை வேலைக்குப் போனதும், அந்தக் கிழவிக்குக் கடும் காய்ச்சல். டொக்டருக்கு ரெலிபோன் எடுத்து எவ்வளவு காய்ச்சல் என்று சொன்னேன்.

"அதற்கு முதல் குளிர்ந்து நடுங்கினாரா?" என்று கேட்டார்.

"ஆம், போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்."

"அதை ஏன் முதலில் சொல்லவில்லை? இரண்டும் சேர்ந்ததுதான் நோய்."

ரெலிபோனை வைத்த கையைப் பார்த்தேன். விரல்கள் இன்னும் விறைத்துப்போய் இருந்தன. வீட்டிலிருந்து ஓட்டோபான் வரும்வரை என் காரில் ஹீற்றர் சூடு தருவதே இல்லை. பச்சைக் குளிர்க்காற்றுத்தான் காலில் அடிக்கும். வெப்பமுள்ளும் அதுவரை அடியிலேயே கிடக்கும். இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்குக் குளிர்தானே. குளிருது என்றால் "ஜக்கெற்றைப் போடும்" என்பார்கள், அவ்வளவுதான். குளிரையும் ஒரு வருத்தமாக எண்ணிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர்களும் கொதிப்பைப் பற்றித்தான் கேட்டார்கள்.

ஆனால் ஒரே கார் குளிரவும் கொதிக்கவும் எப்படி முடியும்? வேலை முடிந்ததும் நேரே கராஜுக்குப் போய், அந்த மெக்கானிக்கிடம் இரண்டையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் புருவத்தை உயர்த்தினார். குழாய் ஒன்றைக் கழற்றி, எஞ்சினின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார். "இங்கே ஒரு வால்வு இருக்க வேண்டும். இல்லை" என்றார். எஞ்சின் குளிராக இருக்கும்போது அந்த வால்வு தண்ணீரை ஒரு குறுக்குப் பாதையால் எஞ்சினுக்குள்ளேயே சுற்றவிட்டுச் சூடாக்குமாம். சூடானதும் ரேடியேற்றருக்குப் போகும் பாதையைத் திறந்து, குறுக்குப் பாதையை மூடிவிடுமாம். வால்வு இல்லாததால் தண்ணீர் கண்டபடி ஓடுகிறது. நகரத்துக்குள் எஞ்சின் சூடேறுவதில்லை. ஏற்றத்தில் சூடேறினாலோ, பாதித் தண்ணீர் ரேடியேற்றரை எட்டிப்பார்க்காமல் குறுக்காலேயே திரும்பிவிடுகிறது. "தானாக விழுகிற சாமானில்லை. யாரோ கழற்றியிருக்கிறார்கள்" என்றவர், உள்ளங்கைக்குள் அடங்குகிற புது வால்வு ஒன்றை எடுத்துப் பூட்டினார்.

வீட்டுக்கு வரும் வழியில் முதல் தடவையாக என் காலில் சூடு பட்டது. எனக்குச் சந்தோசத்தைவிட ஆத்திரம்தான் கூட வந்தது. யார் இந்த வேலை பார்த்தது?

சனிக்கிழமை அத்தானும் ஸ்ரனிஸ்லாஸ் அண்ணையும் ஒரு பழைய ரேடியேற்றர் காற்றாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"அத்தான், இந்தக் காரில ஒரு வால்வு இருந்ததாம். ஆர் கழட்டினது?"

"அதோ? நான்தான்" என்றார் அத்தான், மிகுந்த திருப்தியோடு. "உமக்குத் தாறதுக்கு முதலே கழட்டி எறிஞ்சிட்டன். ஊரில கார் வாங்கினா முதல் வேலை அதுதான். அது இருந்தா தண்ணியை மறிக்கும், கார் கொதிச்சிடும். நீர் தனிய ஓடுற ஆள் எண்டுதான்…"

"அந்த வால்வு இல்லாததாலதான் அத்தான் கொதிச்சது! அது ஊருக்குச் சரி, இந்தக் காருக்குச் சரிவராது. உங்கட கரிசனையால என்ர வேலை போகப் பாத்தது. மூண்டு மாசமா எல்லாத்தையும் மாத்தினீங்களே, இதை ஒருக்கா வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதோ?"

எங்கள் வீட்டில் அத்தானிடம் ஒருவரும் அப்படிக் குரலை உயர்த்தியதில்லை. லவன் சுவரைப் பார்த்தார். அத்தானின் முகம் சுருங்கிப்போனது. "அது ஒரு பிழை எண்டு தெரிஞ்சாலெல்லோ பிள்ளை சொல்லுறது" என்றார் மெதுவாக. எனக்கு உடனே பாவமாகிவிட்டது. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்க மனம் வரவில்லை.

அப்போதுதான் ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "நித்தி, என்ர காரிலயும் நீதானே கை வைச்சனீ?" என்று கேட்டார்.

அத்தான் காற்றாடியைத் திரும்பக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை லொறிகளை முந்திக்கொண்டு ஏற்றம் ஏறினேன். முள் நடுவில் நின்றது, அசையவே இல்லை. அழுதுகொண்டே கார் ஓடினேன். மாதக் கடைசியில் கெஸ்லர் அம்மா ஒப்பந்தத்தை நீட்டி, கைகொடுத்து வாழ்த்தினார்.

அன்று பின்னேரம் அத்தான் ரெலிபோன் எடுத்தார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அன்றுதான் அவர் குரலைக் கேட்டேன்.

"வேலை நிரந்தரமாம், லவன் சொன்னவன். நல்ல சந்தோசம் பிள்ளை."

"நன்றி அத்தான்."



"அந்த வால்வு… உம்மட கராஜில கேட்டா எடுத்துத் தருவினமோ?"

"ஓம் அத்தான், கேக்கிறன். உங்கட காருக்கோ?"

"என்ரைக்கும்தான்."

"அப்ப எத்தினை வேணும்?"

அவர் வாய்க்குள் பெயர்களைச் சொல்லி எண்ணுவது கேட்டது. சில்வெஸ்டர், மகாதேவி அக்கா வீடு, எசனில் ஸ்ரனிஸ்லாஸ்…

"ஏழு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கோயில் ஐயற்ற காரையும் சேர்த்தா எட்டு" என்றார்.