சாம்பல் கழுதையின் பக்கம்

சாம்பல் கழுதைப் பக்கத்தில் யாரோ மறுபடியும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, முகம் கழுவிய ஈரத்தோடு கணினியைத் திறந்தவன் கண்ணில் முதலில் பட்டது அதுதான். "இன்று காலை கழுதை தீனி எடுக்கவில்லை. முகம் வாடியிருந்தது. தண்ணீர் வைத்தேன், பாதி குடித்தது. பாவம். - நைட்டூட்டி." அதற்கு மேலே முந்தின நாள் எழுதிய வரி ஒன்று தப்பாகப் போயிருக்கிறது போல, அதன் குறுக்கே ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது. அழிக்கவில்லை, அடித்திருந்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தீவுப் பண்ணை என்று இணையத்தில் ஒரு விளையாட்டு இருக்கிறது. ஆளுக்கொரு தீவு, அதில் ஆடு, மாடு, கழுதை, கொஞ்சம் வயல். அதை ஆடுகிறவர்களாகச் சேர்ந்து தமிழில் ஒரு விக்கி நடத்துகிறோம். எந்த மிருகத்துக்கு என்ன தீனி, எந்த மழையில் எது நோய்ப்படும் என்பதெல்லாம் அதில் இருக்கும். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். இந்த 'யார் வேண்டுமானாலும்' என்பதுதான் தலைவலி. ஒருவர் படத்தை மேலே போடுவார், ஒருவர் கீழே போடுவார், ஒருவர் தன் தீவில் நடந்த சண்டையையெல்லாம் மாட்டுப் பக்கத்தில் எழுதி வைப்பார். அதற்காகத்தான் நடைக் கையேடு என்று ஒன்றை எழுதினேன். முதலில் படம், அடுத்து அட்டவணை, பிறகு விவரம். படத்தில் ஆட்டக்காரர் யாரும் தெரியக்கூடாது. 'நான்' கூடாது. அபிப்பிராயம் கூடாது. தவறானதை நீக்க வேண்டும். கட்டுரைக்குள் கையொப்பம் இடக்கூடாது. பேச்சுப் பக்கத்தில் மட்டும் இடலாம். எச்சரித்தும் கேளாதவர் தடைசெய்யப்படுவார். இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதி முடித்தபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிறவன். அங்கே மயிரிழை பிசகினால் வாங்கிப் போனவர் தலையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார். அந்தப் புத்தி கடையோடு நிற்காமல் வீடு வரைக்கும் வந்துவிடுகிறது. விக்கியில் என் பெயர்கூட பூதக்கண்ணாடி.

வழக்கம்போல அந்த வரிகளை நீக்கிவிட்டு, பேச்சுப் பக்கத்தில் எழுதினேன். "கட்டுரைக்குள் கையொப்பம் இட வேண்டாம் என்று முன்பே கூறப்பட்டது. 'பாவம்' என்பது தகவல் அல்ல, அபிப்பிராயம். தவறான வரிகளை நீக்கவும். கோடு போட வேண்டாம்."

காபி ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது.

"பூதம் சார், கழுதை சாப்பிடலைன்னா அது பாவம் இல்லாம வேற என்ன? உங்க வீட்ல ஒருத்தர் சாப்பிடாம படுத்துட்டா நீங்க அட்டவணைதான் போடுவீங்களா? அப்புறம், தப்பை ஏன் அழிக்கணும்? அழிச்சா நடந்தது நடக்கலைன்னு ஆயிடுமா? ஒரு கோடு போட்டு அடிச்சா, அடிச்சது படிக்கத் தெரியணும். அதுதான் முறை."

நைட்டூட்டி, அதாவது நைட் டூட்டி, என்ற பெயரைப் பார்த்து, ஏதோ ஒரு கிடங்கின் வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி என்று நான் முடிவு கட்டியிருந்தேன். பெரிய மீசை, பொழுது போகாத ஆள், வாய் மட்டும் காது வரைக்கும். அந்த மீசையோடு நாள்தோறும் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், கடையில் வில்லை தேய்க்கும்போதே அன்றைக்கு என்ன பதில் போடுவது என்று யோசிக்கிற அளவுக்கு அது எனக்குப் பிடித்துப் போயிருந்தது.

எங்கள் வீட்டில் பேச்சு அப்போது ரொம்பக் குறைந்திருந்தது. என் மாமியார் முழங்கால் அறுவை செய்துகொண்டு வந்து தங்கியிருந்தார். அவர் வீடு மாடியில். எங்கள் வீட்டுக்குப் படி கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டால் டாக்டர்கள்கூடச் சட்டைப் பித்தானைச் சரி பார்ப்பார்கள் என்று என் மனைவி சொல்வாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் பார்த்த அத்தை, கூடத்துச் சோபாவின் ஒரு மூலையில், இன்னும் கொஞ்சம் ஒடுங்கினால் சோபாவுக்குள்ளேயே போய்விடுவார் என்பதுபோல உட்கார்ந்திருப்பார். "வாங்க மாப்பிள்ளை", "சாப்டீங்களா மாப்பிள்ளை", "சரிங்க மாப்பிள்ளை". கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் புழங்கிய வாக்கியங்கள் இவ்வளவுதான். நான் கூடத்துக்குள் நுழைந்தால் அந்தக் காலோடு எழுந்திருக்கப் பார்ப்பார். அதற்குப் பயந்து நான் என் வீட்டிலேயே திருடனைப்போலச் சமையலறை வழியாகச் சுற்றிக்கொண்டு போவேன். காலை மடக்கி நீட்டச் சொல்லிப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணிடம் "நாளைக்குப் பார்க்கலாம்மா" என்பார். அந்த நாளை வரவே இல்லை. மனைவி தன் பழைய டேப்லட்டைக் கொடுத்து, பொழுது போகட்டும் என்று ஏதேதோ விளையாட்டுகளைப் போட்டுக்கொடுத்திருந்தாள். என்ன விளையாட்டு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று மத்தியானம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். மனைவி கூரியர் அலுவலகத்தில் மேற்பார்வையாளர். எங்கேயோ போக வேண்டிய பெட்டி எங்கேயோ போய்விட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தப்பா ஏறின பதிவை அழிச்சுட்டுப் புதுசா போட்டுட்டேன்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

அத்தை தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அழிச்சா நடந்தது நடக்கலைன்னு ஆயிடுமா? ஒரு கோடு போட்டு அடி. அடிச்சது படிக்கத் தெரியணும். பக்கத்துல கையெழுத்தைப் போடு."

எனக்குப் புரையேறியது. சாதாரணப் புரை இல்லை. கண்ணில் தண்ணீர் வந்து, மனைவி தலையில் தட்டி, அத்தை பதறித் தண்ணீர் டம்ளரை நகர்த்தி, "மெதுவா மாப்பிள்ளை, மெதுவா" என்றார். தண்ணீரைக் குடித்துக்கொண்டே டம்ளரின் விளிம்புக்கு மேலாக அவரைப் பார்த்தேன். காவலாளியின் மீசை உதிர்ந்து விழுந்துவிட்டது. காலையில் என்னைப் பூதம் என்று கூப்பிட்டுக் கிழித்துத் தோரணம் கட்டியவர் எதிரே உட்கார்ந்து, எனக்கு இன்னொரு கரண்டி வைக்கலாமா என்று மகளிடம் கண்ணால் கேட்டுக்கொண்டிருந்தார்.

சமையலறையில் மனைவியிடம் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்து முடிக்க வெகு நேரம் ஆனது.

"அந்தப் பூதம் நீங்கதானா? ஐயோ, அம்மா உங்களைத் திட்டாத திட்டு இல்ல."

"போய்ச் சொல்லிடறேன். நான்தான்னு சொல்லி மன்னிப்புக் கேட்டுடறேன்."

அவள் சிரிப்பு நின்றது. "வாயைத் திறக்காதீங்க. பூதம் பதில் போடுற வரைக்கும் அம்மாவுக்கு இருப்பு கொள்ளல. அந்தக் கோவத்துல காலை மடக்கி மடக்கி நீட்டுது. நேத்து நிலைப்படி வரைக்கும் தானா நடந்துச்சு. நீங்கதான்னு தெரிஞ்சா மறுபடியும் 'சரிங்க மாப்பிள்ளை'ன்னு மூலையில போய் உக்காந்துடும்."

அவள் சொன்னது சரிதான். ஆகவே நான் என் கடுமையைக் குறைத்துக்கொள்ளவில்லை. குறைத்தால் சந்தேகம் வரும். முன்னைவிட விறைப்பாகவே எழுதினேன். சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை "ஹும்!" என்பது கேட்கும். பிறகு டேப்லட்டில் விரல்கள் தட்டும் சத்தம். அந்தச் சத்தம் ஓய்ந்தால் என் திரையில் பதில். மாமியாரோடு இவ்வளவு மனம் விட்டுப் பேசிய மருமகன் எங்கள் குடும்பத்தில் இருந்திருக்க மாட்டான்.

அதில் மண்ணைப் போட்டவர் சதுரம். என்னோடு விக்கியை நிர்வகிக்கிற இன்னொருவர். எந்த நாட்டில் இருக்கிறார் என்றுகூடத் தெரியாது. நாங்கள் தூங்கும்போது அவர் விழித்திருப்பார், அவ்வளவுதான் தெரியும். என் கையேட்டை என்னைவிட நன்றாக மனப்பாடம் செய்து வைத்திருந்தார். "நைட்டூட்டியைத் தடை செய்ய முன்மொழிகிறேன். பலமுறை எச்சரித்தாயிற்று. உங்கள் விதிதான்" என்று எழுதியிருந்தார். நைட்டூட்டி எழுதுவது போன்ற கண்காணிப்புக் குறிப்புகளைக் கட்டுரையின் அடியில் கையொப்பத்தோடு எழுத இடம் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். "ஒரே ஒருவருக்காக விதியை மாற்றுவதா? நீங்களா இதைக் கேட்கிறீர்கள்?" என்று பதில் வந்தது. என் சொந்தச் சரக்கையே என் தலையில் கொட்டினால் நான் என்ன செய்வேன்? கடைசியாக ஒரு எச்சரிக்கை கொடுத்துப் பார்க்கிறேன் என்று கெஞ்சி வாங்கினேன்.

அந்த எச்சரிக்கையை எழுத எனக்கு ஒரு மாலை முழுக்கப் பிடித்தது. "இனி ஒருமுறை கட்டுரைக்குள் கையொப்பம் இருந்தால் உங்களைத் தடை செய்ய வேண்டியிருக்கும். அப்படிச் செய்ய எனக்கு விருப்பமில்லை" என்று எழுதி அனுப்பினேன். அந்தப் பக்கம் ஹும் கேட்கவில்லை. பதில் மட்டும் வந்தது.

"பேர் வரணும்னு போடறது இல்ல பூதம் சார். நான் வேலை பார்த்த இடத்துல, ஒரு நோயாளியப் பத்தி எழுதினா கீழ கையெழுத்துப் போடணும். திடீர்னு அவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கேக்கணும்னு அடுத்து வர்றவங்களுக்குத் தெரியணும்ல. கையெழுத்துப் போட்டா, இதுக்கு நான் பொறுப்புன்னு அர்த்தம். போடாம எழுதினா எனக்கு ஏதோ நோயாளிய விட்டுட்டு ஓடி வந்த மாதிரி இருக்கு. சரி. உங்க வீடு, உங்க சட்டம்."

அந்தக் கடைசி வரியை மறுபடியும் படித்தேன். அவர் விக்கியைத்தான் சொன்னார். ஆனால் சொன்னவர் உட்கார்ந்திருந்தது என் வீட்டுச் சோபாவில்.

மறுநாள் சாம்பல் கழுதைப் பக்கம் என் கையேட்டுக்கே எடுத்துக்காட்டாக இருந்தது. மேலே படம், அதில் ஆட்டக்காரர் இல்லை. கீழே அட்டவணை. அடித்த வரிகளெல்லாம் சுத்தமாக நீக்கப்பட்டிருந்தன. 'நான்' இல்லை, 'பாவம்' இல்லை, கையெழுத்து இல்லை. எத்தனை வருஷமாக இப்படி ஒரு பக்கம் வராதா என்று ஏங்கியிருக்கிறேன்! சதுரம் ஒரு கைதட்டும் படத்தைப் போட்டிருந்தார். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கூடத்தில் டேப்லட் கவிழ்ந்து கிடந்தது. அத்தை ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மனைவி என்னை முறைத்தாள்.

"நேத்து ராத்திரியிலேர்ந்து காலை அசைக்கல. என்ன பண்ணீங்க?"

என்ன பண்ணினேன்? விதியைக் காப்பாற்றினேன். அதைச் சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது என்பதால் பேசாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கணினியைத் திறந்து சாம்பல் கழுதைப் பக்கத்துக்குப் போனேன். விளையாட்டில் மழை வாரம் நடந்துகொண்டிருந்தது. என் தீவிலும் ஒரு கழுதை இருக்கிறது. நான் அதன் எடையைத்தான் பார்ப்பேனே தவிர முகத்தைப் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். பிறகு கட்டுரையின் நட்ட நடுவில், அட்டவணைக்கும் விவரத்துக்கும் இடையில், எழுதினேன். "இன்று மாலை என் கழுதையும் தீனி எடுக்கவில்லை. இரண்டு முறை வைத்துப் பார்த்தேன். எனக்குக் கவலையாக இருக்கிறது. - பூதம்." சேமி என்று அழுத்தினேன்.

காலையில் பார்த்தால் சதுரம் அதை நீக்கியிருந்தார். "கணக்கை யாராவது திருடிவிட்டார்களா?" என்று கேட்டிருந்தார். இல்லை, நானேதான் என்று பதில் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். அவர் நீக்கினார். நான் எழுதினேன். அவர் என் கையேட்டிலிருந்தே எடுத்துப்போட்டு எனக்கு எச்சரிக்கை விட்டார். நான் அந்த எச்சரிக்கையைப் படித்து, நல்ல வாக்கியம்தான் என்று நினைத்துக்கொண்டு, திரும்பவும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கடையிலிருந்து வந்து பார்க்கும்போது தடை விழுந்திருந்தது. ஒரு வாரத்துக்கு நான் எதையும் திருத்த முடியாது. என் விக்கி, என் விதி, கதவுக்கு வெளியே நான். வருத்தம் வர வேண்டிய இடத்தில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவனுடைய சந்தோஷம்தான் வந்தது.

கதவை யாரோ தட்டினார்கள். மனைவி தட்டிவிட்டு நிற்கிற ஜாதி இல்லை. திறந்தேன். கைத்தடியை ஒரு கையிலும் டேப்லட்டை மறு கையிலும் பிடித்துக்கொண்டு அத்தை நின்றார். கூடத்திலிருந்து அங்கே வர அவருக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்குமோ, நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"மாப்பிள்ளை."

"வாங்க அத்தை."

"உங்களைத் தடை பண்ணிட்டாங்களாமே."

பூதம் நான்தான் என்று எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நாற்காலியைக் காலி செய்து அவர் பக்கம் இழுத்துப் போட்டேன். உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, டேப்லட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏன் மாப்பிள்ளை இந்த வேலை? பக்கம் பக்கமாச் சட்டம் எழுதிட்டு நீங்களே போய்..."

"கழுதை நிஜமாவே சாப்பிடல அத்தை."

அவர் என்னைப் பார்த்தார். வார்டில் புதிதாகச் சேர்ந்த ஆளை அப்படித்தான் பார்த்திருப்பார் போல. நான் அறியாமல் சட்டைப் பித்தானைத் தொட்டுக்கொண்டேன்.

"தண்ணி குடிச்சுதா?"

"பாக்கல."

"பாக்காம எப்படிக் கவலைன்னு எழுதினீங்க? நல்லாத் திட்டுவேன், ஆமா." டேப்லட்டை என் பக்கம் தள்ளினார். "உங்க தீவைத் திறங்க. உங்களால எழுத முடியாதுல்ல, பார்க்கலாம்ல? பார்த்துச் சொல்லுங்க, நான் எழுதறேன்."

"அத்தை, கையெழுத்து..."

"அதை அப்புறம் பேசிக்கலாம். முதல்ல கழுதையைப் பாருங்க."

திறந்தேன். தீவில் மழை பெய்துகொண்டிருந்தது. வேலி ஓரமாக அந்தச் சாம்பல் நிறக் கழுதை தலையைத் தொங்கப் போட்டு நின்றது. நான் தண்ணீர்த் தொட்டியை அதன் அருகே நகர்த்தி வைத்தேன். அத்தை, அறுவை செய்த காலை என் கட்டிலின் விளிம்பில் நீட்டிப் போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரைக்கு மேல் குனிந்தார்.

"இருங்க, எழுத வேண்டாம். காதைப் பாருங்க."

ஒரு காது மெல்ல எழும்பியிருந்தது. இன்னொன்றும் எழும்புமா என்று இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம்.