நூற்றெண்பது நாள்

பட்டியலில் தன் எண்ணைத் தேடுவதற்கு முன்பே சுக்யங் ஹேரனின் எண்ணைத் தேடினாள். காலை ஒன்பது மணி. அறைவிடுதியின் பொதுச் சமையலறையில் சோற்றுக் குக்கரிலிருந்து ஆவி கசிந்துகொண்டிருந்தது. இருவரும் ஒரே கைபேசியின் மேல் குனிந்திருந்தார்கள். வெளியே ஜூலை மழை. சுக்யங்கின் கட்டைவிரல் திரையை மெதுவாகத் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது.

"இருக்கு. ஏய், இருக்குடி! கண்ணத் தொறந்து பாரு, எருமை."

ஹேரன் பார்த்தாள். தன் எண்தான். அதற்கு அடுத்த எண் பதினேழு தள்ளி இருந்தது. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டவர்கள், நான்கே எண்தான் வித்தியாசம். சுக்யங்கும் அதைக் கவனித்துவிட்டாள் என்பது அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்த விதத்தில் தெரிந்தது.

"என்னோடது இல்ல," என்றாள், கடையில் முள்ளங்கி தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போல. பிறகு எழுந்து போய் இரண்டு கிண்ணங்களில் சோறு போட்டாள். ஹேரனுக்குக் குவித்தும் தனக்குத் தட்டையாகவும்.

மதியம் மதிப்பெண் வந்தது. நேர்முகத்துக்கு அழைக்கும் எல்லை நானூற்றுப் பதினைந்து. ஹேரன் சரியாக நானூற்றுப் பதினைந்து. சுக்யங் நானூற்றுப் பத்து. கேள்விக்கு ஐந்து மதிப்பெண், ஒரே ஒரு கேள்வி.

இருவரும் தெற்குக் கடலோரத்தில் ஒரே மாவட்டத்துக்காரர்கள். தலைநகரின் நொர்யாங்ஜினில், தேர்வுப் பயிற்சி வகுப்பின் கடைசி வரிசையில், பேச்சு வழக்கை வைத்து ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்கள். மாவட்ட அலுவலகத்தின் பதினோரு எழுத்தர் இடங்களுக்கு ஆண்டுதோறும் இருவரும் சேர்ந்து தேர்வெழுதுவார்கள், சேர்ந்து தோற்பார்கள். ஹேரனுக்கு இது நான்காம் முறை, வயது இருபத்தொன்பது. சுக்யங்குக்கு முப்பத்து நான்கு. கடற்பாசி ஆலையில் எட்டு வருடம் பாசித் தாள்களை எண்ணி அடுக்கிவிட்டு வந்தவள். ஆறாம் முறை. இதிலும் இல்லையென்றால் ஆலைக்கே திரும்புவதாகப் புத்தாண்டன்று அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

குறிப்பெடுக்கும் மென்பொருளைச் சுக்யங்தான் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாள். அலங்காரம் எதுவும் கிடையாது, வெறும் எழுத்து. வரியின் முன்னால் # என்ற வேலிக்குறி போட்டால் தலைப்பு. சொல்லின் இருபுறமும் இரண்டிரண்டு நட்சத்திரம் போட்டால் தடித்த எழுத்து. ஒரு பெயரை இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டால் அது கதவாகிவிடும். தட்டினால் அந்தப் பெயருள்ள குறிப்பு திறக்கும். அடைப்புக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறியும் போட்டுவிட்டால், திறக்கக்கூட வேண்டாம், அந்தக் குறிப்பு முழுவதும் இந்தப் பக்கத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு விஷயத்தை ஒரே ஒரு முறை எழுதினால் போதும். தேவைப்படும் இடங்களிலெல்லாம் அது தெரியும். "சோம்பேறிகளுக்குன்னே செஞ்சிருக்கான்டி," என்று சுக்யங் மகிழ்ந்தாள். மொழியும் வரலாறும் அவள் பங்கு. சட்டமும் நிர்வாகமும் ஹேரன் பங்கு. பொதுக் கோப்புறை ஒன்று, இரண்டு மடிக்கணினிகள், மூன்று ஆண்டுகளில் நானூற்றுச் சொச்சம் குறிப்புகள். மற்றவள் எழுதியதை இவள் சரிபார்ப்பதில்லை. நேரமும் இல்லை, அப்படியொரு எண்ணமும் வந்ததில்லை.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது இணையவழிப் பகிர்வில் ஏதோ குழப்பமாகி, சில குறிப்புகள் இரண்டிரண்டாகத் தோன்றத் தொடங்கின. பயந்துபோய்ப் பகிர்வை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து அவரவர் படி அவரவரிடம்.

தேர்வு சனிக்கிழமை. வியாழன் மாலை நாலு மணிக்கு ஹேரன் பழைய வினாத்தாள் ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரசு ஆணை ஒன்றை எதிர்த்து நீதிமன்றத்தில் வழக்குப் போட, ஆணை பிறந்த நாளிலிருந்து ஓராண்டு அவகாசம். வழக்குப் போடாமல் முறையீட்டுக் குழுவிடம் போனால் நூற்றெண்பது நாள். அவள் குறிப்பில் இரண்டுக்குமே ஓராண்டு என்று இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால், காய்ச்சலோ தூக்கமோ, அவளே எழுதியது. அந்த ஒரு வரி ஏழு பக்கங்களுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. ஏழு முறை படித்து ஏழு முறையும் தப்பாக மனப்பாடம் செய்திருந்தாள்.

திருத்தினாள். ஏழு பக்கங்களிலும் வரி மாறியது.

வாசிப்பு அறையில் தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் சுக்யங் இருந்தாள். உதட்டை அசைத்து மனப்பாடம் செய்யும் அந்த மெல்லிய சத்தம் ஹேரனுக்குக் கேட்டது. பலகையைத் தட்டக் கை எழுந்தது.

எழுந்த கை ஏன் இறங்கியது என்பதற்கு அப்போதே அவளிடம் பதில் தயாராக இருந்தது. இரண்டு நாள்தான் இருக்கிறது, இப்போது சொன்னால் அக்கா பதறிவிடுவாள், என் சட்டக் குறிப்பு முழுவதையும் சந்தேகப்படுவாள், அத்தனையையும் மறுபடி சரிபார்க்க உட்கார்ந்துவிடுவாள். சாப்பாட்டு வேளையில் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். இது பொய்யில்லை. ஆனால் இந்தப் பதிலுக்கு அடியில் பதினொன்று என்ற எண்ணும் இருந்தது. அதை அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கத் தெரிந்திருந்தது.

சாப்பாட்டு வேளையில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமையும் சொல்லவில்லை.

தேர்வு முடிந்த அன்றே விடைகள் வெளியாயின. சுக்யங் பார்க்க மறுத்துவிட்டாள். சரிபார்த்தால் வருகிற அதிர்ஷ்டமும் ஓடிப்போகும் என்பது அவள் நம்பிக்கை. ஹேரன் பார்த்தாள். சட்டத்தில் பதினான்காம் கேள்வி அதுதான். அது அக்காவைப் பாதிக்காது, மற்றதெல்லாம் நன்றாக எழுதியிருப்பாள் என்று மூன்று வாரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இப்போது கணக்கு தெளிவாக இருந்தது. எல்லைக்கோட்டில் எத்தனை பேர் சமமாக நின்றாலும் அத்தனை பேரையும் நேர்முகத்துக்கு அழைப்பார்கள். அந்த ஒரு கேள்வியைச் சுக்யங் சரியாக எழுதியிருந்தால் இருவருமே உள்ளே. ஹேரனின் மௌனம் ஹேரனுக்குக்கூட ஒன்றையும் சம்பாதித்துக் கொடுக்கவில்லை.

பட்டியல் வந்த ஐந்தாம் நாள் முற்பகல் சுக்யங் அறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் ஓர் ஆள் மட்டுமே நிற்கக்கூடிய அறை. ஹேரன் வாசலிலேயே நின்று, அவள் நீட்டுகிற புத்தகங்களை வாங்கி நடைக்கூடத்தில் இருந்த அட்டைப் பெட்டியில் அடுக்கினாள். அண்ணன் சிறு லாரியில் வந்துகொண்டிருந்தான்.

"நேர்முகத்துக்கு ஒரு குறிப்பு எழுதிருக்கேன், உனக்கு அனுப்பிடறேன்," என்றாள் சுக்யங். "போன தடவ போனவங்ககிட்டயெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினது. நேர்மை பத்தி ஒரு கேள்வி கண்டிப்பா வருமாம். நீ அங்க போயி பேபேன்னு முழிக்காத."

"எதுக்குக்கா இதெல்லாம்? நீங்க இருக்கற நெலமையில."

"எனக்கு என்ன நெலம? பாசி எண்ணப் போறேன். தப்பா எண்ணினா யாரும் அஞ்சு மார்க் கொறைக்க மாட்டான்."

சிரித்தாள். பைக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். தேர்வறையிலிருந்து கொண்டுவந்த வினாத்தாள்.

"இன்னிக்குத்தான் சரிபாத்தேன். இனிமே ஓடிப்போறதுக்கு அதிர்ஷ்டம்னு ஒண்ணும் இல்லையே. இதப் பாரு, பதினாலு. ஓராண்டுன்னு போட்டுட்டு வந்திருக்கேன். யோசிக்கவே இல்லடி. பாத்த உடனே போட்டேன், அவ்வளவு உறுதி. நம்ம குறிப்புலயும் அப்படித்தான் இருக்கு." மேசை மேல் அவள் மடிக்கணினி திறந்திருந்தது. "நாந்தான் கைதவறி எதையாவது அமுக்கி மாத்திட்டேன்போல. அந்தக் கொழப்பத்துல. உன்னோடதக் காட்டு, பாப்போம்."

"இப்ப எதுக்குக்கா..."

"சும்மா காட்டு. தெரியாமப் போனா மண்ட வெடிச்சிரும் எனக்கு."

பக்கத்து அறைதான். மறுக்கக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. ஹேரன் மடிக்கணினியை எடுத்துவந்து கட்டிலின் மேல் வைத்தாள். சுக்யங்கே குனிந்து தேடித் திறந்தாள். இரண்டிரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவில் நூற்றெண்பது நாள். அடியில், சாம்பல் நிறச் சிறிய எழுத்தில், கடைசியாகத் திருத்திய நேரம்: ஜூன் பத்தொன்பது, மாலை நாலு பத்து.

சுக்யங் அந்தச் சாம்பல் எழுத்தின் மேல் விரலை வைத்தாள். மழைநீர் குழாயில் இறங்கும் சத்தம் கேட்டது.

"பத்தொம்பதுன்னா வியாழக்கெழம," என்றாள்.

"அக்கா, அன்னிக்கு நான் சொல்லணும்னுதான்..."

"அன்னிக்கு ராத்திரி நாம என்ன சாப்பிட்டோம்?"

ஹேரனுக்கு நினைவிருந்தது. முளைகட்டிய பயறு சூப். சுக்யங் தன் கிண்ணத்து முட்டையை எடுத்து அவள் கிண்ணத்தில் போட்டு, "மூளைக்கு" என்று சொல்லியிருந்தாள்.

"பயறு சூப்பு," என்று சுக்யங்கே சொன்னாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஹேரன் அழுதிருப்பாள், ஏதாவது பேசியிருப்பாள்.

சுக்யங் தன் மடிக்கணினியின் முன் உட்கார்ந்தாள். ஓராண்டு என்பதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். நூற்றெண்பது நாள் என்று தட்டினாள். பிறகு அந்த வரி தெரியும் ஏழு பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, மாறியிருக்கிறதா என்று பார்த்தாள். எல்லாவற்றிலும் மாறியிருந்தது. நேர்முகக் குறிப்பையும் அனுப்பினாள். ஹேரனின் பைக்குள் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. மடிக்கணினியை மூடித் துண்டில் சுற்றி, புத்தகங்களின் மேல் வைத்துப் பெட்டியை ஒட்டினாள்.

கீழே லாரி இரண்டு முறை ஒலி எழுப்பியது.

"தூக்கு," என்றாள்.

நான்காம் மாடி, மின்தூக்கி கிடையாது. இரண்டு பேர் ஒட்டி நடக்க முடியாத படிக்கட்டு. ஹேரன் கீழ்ப்பக்கம் பிடித்துக்கொண்டு பின்னோக்கி இறங்க வேண்டியிருந்தது. பெட்டி நெஞ்சை அழுத்தியது. காலுக்கடியில் எதுவும் தெரியவில்லை. விட்டுவிடவும் முடியாது, விட்டால் மேலே இருப்பவளும் சேர்ந்து சரிவாள்.

"படி," என்றாள் சுக்யங் மேலிருந்து.

ஹேரன் காலைப் பின்னால் நீட்டித் துழாவினாள்.

"படி."

அட்டையின் உச்சிக்கு மேல் அவள் முகம் தெரியவில்லை. விளிம்பைப் பற்றியிருந்த விரல்கள் மட்டும் தெரிந்தன, நகமெல்லாம் வெளுத்து. கீழ்த்தளத்திலிருந்து ஈரக்காற்று ஏறி வந்தது. ஹேரன் அடுத்த காலை எடுத்து வைக்கும்வரை காத்திருந்துவிட்டு, அதே சீரான குரல் மறுபடியும் சொன்னது.

"படி."