நோட்ஸில் இருந்த பதினொன்று

கேள்வி முடியும் முன்பே மாணவர் மேசையின் மணி அலறியது. “கரப்பான்பூச்சியின் இதயத்தில் எத்தனை” என்பதுவரைதான் அறிவிப்பாளர் வாசித்திருந்தார். அறைகள் என்ற சொல் அவர் வாயிலேயே நின்றுவிட்டது.

கல்லூரி வானொலியின் அந்தச் சின்ன அறையில் நாற்பது நிமிடமாக வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. இரைச்சல் மைக்கில் ஏறும் என்று ஏசியை நிறுத்தியிருந்தார்கள். சுவரெல்லாம் தடித்த கம்பளம். இந்தப் பக்கம் மூன்று மாணவர்கள், அந்தப் பக்கம் மூன்று விரிவுரையாளர்கள். நேரடி ஒலிபரப்பு. இரண்டு அணிக்கும் எண்பது புள்ளி, இதுதான் கடைசிக் கேள்வி. மூன்று வருடமாக மாணவர்களிடம் மண்ணைக் கவ்வும் விரிவுரையாளர்களை, தூக்கம் வந்தால் சொல்லுங்கள், மெதுவாக மணி அடிக்கிறோம் என்று மாணவர்களின் தலைவி முதல் சுற்றிலேயே சீண்டியிருந்தாள்.

“பதினொன்னு” என்றாள் அவள். பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்கக்கூட இல்லை.

எதிரே விரிவுரையாளர் மேசையில் இருந்த நோட்ஸ் மேடத்துக்குப் பெருமை தாங்கவில்லை. விலங்கியல் அவருடைய பாடம், அந்தப் பெண் அவருடைய மாணவி. தோற்றால்தான் என்ன? பதினான்கு வருடமாகப் புத்தகத்தைக் கையில் தொடாமல் வகுப்புக்குப் போகிறவர் அவர். உள்ளே நுழைந்ததும் ஜன்னலைப் பார்த்தபடி சொல்லத் தொடங்குவார். மணி அடிக்கும்போது சரியாக முற்றுப்புள்ளி விழும். அதை எழுதி, நகலெடுத்து, தம்பி தங்கைகளுக்கும் கொடுத்து வைத்தார்கள் பிள்ளைகள். பரீட்சைக்குக் கேள்வி எடுப்பதும் அதிலிருந்துதான், திருத்துவதும் அதை வைத்துத்தான். நாளைக்கு அந்த நோட்ஸ் அச்சுக்குப் போகிறது, அட்டையில் அவர் பெயரோடு. புத்தகம் வந்த கையோடு துறைத்தலைவர் நாற்காலியும் அவருக்கே என்று முதல்வர் சொல்லியிருந்தார். இப்போதும் தன் அறையில் ரேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு முதல்வர் கேட்டுக்கொண்டிருப்பார்.

“தவறு” என்றார் அறிவிப்பாளர்.

தலைவி விடை அட்டையை இன்னொரு முறை பார்க்கச் சொன்னாள். அவர் பார்த்தார், தலையை ஆட்டினார்.

“மேடம் நோட்ஸ்ல அப்படித்தானே இருக்கு?” என்றாள் அவள், மைக் திறந்திருப்பதை மறந்து.

கேள்வி விரிவுரையாளர்களுக்கு மாறியது. பத்து விநாடி.

அட்டைதான் தப்பு என்று சண்டை போடவே மேடம் வாயைத் திறந்தார். அதற்குள் மனம் தன்னால் எண்ணத் தொடங்கிவிட்டது. மார்பில் மூன்று. வயிற்றுப் பகுதியில் பத்து. கை நடுங்காமல் எத்தனை பூச்சிகளை அறுத்துக் காட்டியிருக்கிறார்! முதல் வருடம், முதல் மாதம், வேகத்தில் சொன்ன ஒரு பதினொன்று. அதற்குப் பிறகு தான் சொன்னதைத் தானே மனப்பாடம் செய்ததுதான் மிச்சம்.

“தெரியலன்னா விட்டுடுங்க மேடம், சமன்னு போயிடும்” என்று காதருகே முணுமுணுத்தார் பக்கத்தில் இருந்த இயற்பியல்காரர். “கப்பை ஆளுக்கு ஆறு மாசம் வச்சுக்கலாம்.”

நல்ல யோசனைதான். பேசாமல் இருந்தால் அட்டையின் மேல் பழி போட்டுவிடலாம். அச்சகத்துக்குப் போகும் தாளில் ஓர் எண்ணை மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. எதிரே தலைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்ஸ் மேடம் பேசினால் அட்டை தோற்றுவிடும் என்கிற நம்பிக்கை அந்த முகத்தில் இன்னும் அப்படியே இருந்தது.

மேடம் மைக்கை இழுத்தார். வகுப்பில் ஒலிக்கும் அதே குரல், துளி பிசிறு இல்லை.

“பதிமூணு.”

சரியான விடை என்றார் அறிவிப்பாளர். இயற்பியல்காரர் மேசையைத் தட்டினார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒலிப்பதிவாளர் முடிவு இசைக்காகக் கையை உயர்த்திவிட்டார். தலைவி மட்டும் அசையவில்லை.

மேடம் உள்ளங்கையைக் காட்டி ஒலிப்பதிவாளரை நிறுத்தினார். மைக்கை இன்னும் கிட்டே இழுத்தார்.

“பரீட்சையில பதிமூணுன்னு எழுதின பிள்ளைங்களுக்கு நான் மார்க் வெட்டியிருக்கேன்.”