கதவு போன பொத்தான் கடை

பொத்தான் கடைக்காரருடைய சிரிப்பு நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ஓட்டுக்குப் போயிற்று. விற்றவள் அவருடைய மனைவி. அவருக்குத் தெரியாமல் விற்றாள். தனக்கே தெரியாமல்தான் விற்றாள் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அவளுக்கு அநியாயம் செய்ததாகும். அது நல்ல விலையா அடிமாட்டு விலையா என்று தெருவில் யாராலும் தீர்த்துச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அந்தச் சரக்கு அதற்கு முன் சந்தைக்கு வந்ததே இல்லை.

அந்தச் சிரிப்புதான் கடையின் முதல். பொத்தான், ஜிப், எலாஸ்டிக், லேஸ், நூல்கண்டு விற்கும் குறுகலான கடை அது. இரண்டு சுவரிலும் கூரைவரை சின்னச் சின்ன இழுப்பறைகள். உள்ளே இருக்கும் பொத்தானில் ஒன்றை ஒவ்வொரு இழுப்பறையின் முகத்திலும் கட்டியிருப்பார்கள். வருகிறவர் விலை கேட்பார், அதில் பாதியைச் சொல்வார், கடைக்காரர் சிரிப்பார். மூக்கில் தொடங்கித் தொண்டையில் இறங்கி வயிற்றில் உருண்டு கடைசியில் ஒரு சின்ன விசிலோடு முடியும் சிரிப்பு. அதில் கேலி இருக்காது. நீங்களும் திருடர், நானும் திருடன், நாளைக்கும் வாருங்கள் என்கிற கூட்டாளித்தனம்தான் இருக்கும். பேரம் பேசியவர் தானும் சிரித்து, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, ஏதோ லாபம் பார்த்தவர்போலப் போவார். தெருவே பொத்தான்காரி என்று கூப்பிடும் அவர் மனைவி அந்தக் கடைக்கு முதன்முதலில் வந்தது பல் போன ஜிப் ஒன்றை முகத்தில் எறிந்து சண்டை போடத்தான். சிரிப்பைக் கேட்டதும் சண்டையைப் பாதியில் விட்டாள், பிறகு அவரையே கட்டிக்கொண்டாள். அந்த ஜிப் மட்டும் மாற்றித் தரப்படவில்லை.

போட்டியைக் கண்டுபிடித்தவள் மாடியில் குடியிருந்த நாத்தனார். ஆடுகிறவர்களையும் பாடுகிறவர்களையும் ஒன்றாக அடைத்துவைத்து வாரம் ஒருவராகத் துரத்துகிற டிவி நிகழ்ச்சிகளைப் பார்த்துவிட்டு, எழுதுகிறவர்களுக்கும் அதே மரியாதையைச் செய்தால் என்ன என்று யாரோ இணையத்தில் தொடங்கியது அது. பெயர் ‘கடைசிப் பேனா’. வாரம் ஒரு தலைப்பு, வாரம் ஒரு வெளியேற்றம். பளபளக்கும் கோட்டுப் போட்ட தொகுப்பாளர் ஒருவர், நடுவர்கள் மூவர். ஒருவர் எதைப் படித்தாலும் அழுவார், ஒருவர் எதைப் படித்தாலும் திட்டுவார், மூன்றாமவர் முதல் இருவரும் சொன்னதை நிதானமாகத் திரும்பச் சொல்வார். ஞாயிறு மாலை போட்டியாளர்களின் படங்களைச் சுற்றிச் சிவப்பு வளையம் ஓடும். கடைசிப் பெயரில் நிற்கப்போகும் நேரம் பார்த்து மெத்தை விளம்பரம் வரும். “நீங்க சரக்குப் பட்டியல் அனுப்பினாலே கதை மாதிரி இருக்கு அண்ணி, சும்மா போட்டுப் பாருங்க” என்றாள் நாத்தனார். பொத்தான்காரி ஒரு கையால் ஒரு தையல்காரருக்கு எலாஸ்டிக் அளந்துகொண்டே மறு கையால் விதிமுறைகளுக்குச் சம்மதம் என்று தட்டினாள். எலாஸ்டிக்கை மட்டும் இரண்டு முறை சரிபார்த்தாள்.

முதல் வாரத் தலைப்பு, உங்கள் வீட்டில் மட்டும் கேட்கும் ஓர் ஒலி. அவளுக்கு யோசிக்க என்ன இருந்தது. மூக்கிலிருந்து விசில்வரை ஒன்று விடாமல் எழுதினாள். அழுகிற நடுவர் அழுதார், திட்டுகிற நடுவர் அழுகிறவரைத் திட்டினார், ஓட்டு குவிந்தது. மறுநாள் காலை அதே தையல்காரர் வந்து கறுப்புப் பொத்தானுக்குப் பாதி விலை கேட்டார். கடைக்காரர் வாயைத் திறந்தார். தோள் குலுங்கிற்று, வயிறு உருண்டது, சத்தம் மட்டும் வரவில்லை. தையல்காரர் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்தார், பிறகு பேரத்தைத் தொடர்ந்தார். அதை முடித்துவைக்க ஆளில்லாததால் விளக்கு வைக்கும்வரை அது நீண்டது. ஒரு வாரத்தில் தோளும் வயிறும்கூட அசைவதை நிறுத்திக்கொண்டன. மருத்துவர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்து, உள்ளே எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சிரிப்பு எங்கே போயிற்று என்பதை வாசகர்களே எழுதித் தெரிவித்தார்கள். எங்கோ ஒரு வங்கியில் டோக்கன் கொடுக்கும் எழுத்தர், இயந்திரத்தில் காகிதம் சிக்கியபோது தன்னுடையதல்லாத ஒரு சிரிப்பைச் சிரித்தாராம், கடைசியில் விசில் வந்ததாம். எதற்கும் சிரித்தறியாத ஒரு பள்ளி ஆசிரியை கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று சிரித்தாளாம். ஓட்டுப் போட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் ஆளுக்கொரு பங்காகப் போயிருந்தது. பொத்தான்காரி உதவி எண்ணுக்குப் பேசினாள். எதிர்முனைப் பெண், பார்சல் எந்த ஊரில் நிற்கிறது என்று சொல்கிற குரலில் விளக்கினாள். “விதிமுறையைப் படிச்சீங்களா மேடம்? ஓட்டு விழுந்த பொருள் ஓட்டுப் போட்டவங்களுக்குச் சொந்தம். ஜெயிக்கிறவங்க மட்டும், அவங்க குடுத்ததுல ஒண்ணைத் திரும்ப எடுத்துக்கலாம். வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?”

ஆக, ஜெயித்தே தீரவேண்டும் என்றாகிவிட்டது. ஆனால் ஜெயிக்க நன்றாக எழுதவேண்டும், நன்றாக எழுதினால் எழுதிய பொருள் போய்விடும். வியாபாரக் குடும்பத்துப் பெண் இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்காமல் இருப்பாளா? அடுத்த தலைப்பு தண்ணீர். மழைக்காலம் தவறாமல் ஜிப் அடுக்கின்மேல் சொட்டிக்கொண்டிருந்த கடைக் கூரையின் ஒழுக்கை அவள் எழுதினாள். ஓட்டுப் பட்டியலில் முதலிடம், கூரை காய்ந்துவிட்டது. நாத்தனார் இனிப்பு வாங்கிவந்தாள். அந்த இனிப்பை வாயில் போடுவதற்குள் ஒரு கருத்து வந்தது. ‘அக்கா, உங்க எழுத்து அருமை. நேத்துலேருந்து எங்க சமையலறையில சொட்டுது, கீழே வாளி வெச்சிருக்கோம்.’ அதன் கீழே இன்னும் பல வாளிகள். பொத்தான்காரி அந்தப் பக்கத்தை மூடிவைத்தாள். பல் போன ஜிப்பைத் தெரிந்தே பொட்டலம் கட்டிக் கொடுத்தவள் ஆகிவிட்டோமே என்று அன்று முழுக்க யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நல்ல சரக்கை மட்டுமே அனுப்பினாள். புது நூல்பெட்டியைத் திறந்ததும் வருகிற மணத்தை அனுப்பினாள். மதியத்தில் பின்கட்டுத் தரையில் இருந்த குளிர்ச்சியை அனுப்பினாள். ஒரே முயற்சியில் ஊசி கோக்கும் கைவாகையும் அனுப்பினாள். அதன்பின் நாத்தனார் மாடியிலிருந்து இறங்கிவந்து ஊசி கோத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். வாரந்தோறும் போட்டியாளர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றார்கள். மோசமாக எழுதியதால் எதையும் இழக்காமல் முதல் வாரமே வீட்டுக்குப் போனவரைப் பார்த்து எல்லாருக்கும் பொறாமை.

வீடு வாரத்துக்கொரு சாமானாகக் காலியாவதைக் கடைக்காரர் கவனிக்காமல் இல்லை. ஒரு நாள் அவளே சொல்லிவிட்டாள். அவர் கல்லாவை மூடினார், திறந்தார், திரும்ப மூடினார்.

“எத்தனை ஓட்டு?”

“நாலாயிரத்துச் சொச்சங்க.”

“பரவாயில்லையே. ரெண்டாயிரம் தேறும்னுதான் நான் நினைச்சிருப்பேன்.”

நகைச்சுவை சரியாகத்தான் இருந்தது. அதன் பின்னால் வரவேண்டிய சிரிப்பு வரவில்லை. பொத்தான்காரி அன்றுதான் முதன்முறையாக அழுதாள். அவர் அவளுக்கு ஒரு லேஸ் துண்டைக் கிழித்துக் கொடுத்தார். கண் துடைக்க லேஸ் உதவாது என்பது இருவருக்கும் தெரியும், இருந்தாலும் அவள் அதால்தான் துடைத்துக்கொண்டாள்.

இறுதிச் சுற்றில் இருவர் மிஞ்சினார்கள். மற்றவர் ‘ஈரத் தீக்குச்சி’ என்ற பெயரில் எழுதிய ஓர் ஆண் நர்ஸ். போட்டியாளர்கள் தங்களுக்குள் பேசக்கூடாது. பொத்தான்காரி வியாபாரம் ஓய்ந்த மதிய வேளையில் அவருடைய எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினாள்.

“அக்கா, இது விதிக்கு விரோதம்.”

“விதியைப் படிச்சவங்களுக்குத்தானே தம்பி விரோதம். நீங்க படிச்சீங்களா?”

“இல்ல.”

“நானும் படிக்கல. சொல்லுங்க, உங்க வீட்டுல என்ன போச்சு?”

மறுமுனையில் யாரோ ஒரு நோயாளி தண்ணீர் கேட்டார். நர்ஸ் கொடுத்துவிட்டு வந்தார். “எம் பொண்ணு என்னை அப்பான்னு கூப்பிடுறதைப் பத்தி எழுதினேன். இப்ப சார்னு கூப்பிடுறா. மரியாதையாத்தான் கூப்பிடுறாக்கா, குறை சொல்ல முடியாது.”

பொத்தான்காரி அவரை வாழ்த்திவிட்டுப் போனை வைத்தாள். விட்டுக்கொடுப்பதாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தத் தொழிலில் வளர்ந்தவர்கள் சரக்கு கைக்கு வருமுன் முன்பணம் வாங்குவதில்லை. எலாஸ்டிக் சுருளைப் பிரித்துத் திரும்பச் சுற்றியபடி யோசித்தாள். பரிசு ஒன்று, கேட்பவர் இரண்டு. ஆனால் சிரிப்பு தொலைந்தா போயிற்று? நாலாயிரத்துச் சொச்சம் வீட்டில் பத்திரமாகப் புழங்கிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்பதென்றால் ஆயுசு போதாது. அவர்கள் எல்லாரும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், கடைக்கு வந்து பேரம் பேசினால் போதும்.

கடைசித் தலைப்பு, நீங்கள் இழக்கவே முடியாத ஒன்று. நர்ஸ் எதையோ எழுதினார், அது அவர் பாடு. பொத்தான்காரி கடைக் கதவை எழுதினாள். பச்சைமேல் பச்சையாகப் பூசியதில் தடித்துப்போன விளிம்பு, மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் கீழ்ப்பலகை, இடப்பக்கம் மட்டும் தேய்ந்த பித்தளைப் பிடி, திறக்கும்போது ஒரு மாதிரியும் மூடும்போது வேறு மாதிரியும் ஒலிக்கும் மணி எல்லாம் அதில் இருந்தன. அனுப்புமுன் கணவரிடம் காட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார்.

“கதவு போயிட்டா ராத்திரி எதைப் பூட்டுறது?”

“பொத்தானைத் தூக்கிட்டுப் போறவன் சட்டையையும் சேர்த்துல்ல தேடணும். அனுப்பவாங்க?”

“அனுப்பு.”

நர்ஸ்தான் ஜெயித்தார், கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில். அழுகிற நடுவர் அழுதார், திட்டுகிற நடுவர் கதவைத் திட்டினார். மறுநாள் காலை நர்ஸின் மகள் குளியலறையிலிருந்து, துண்டு எடுத்து வரச் சொல்லி, அப்பா என்று கத்தினாள். அவர் மூன்று துண்டோடு ஓடினார் என்று பிறகு எழுதியிருந்தார்.

அதே காலையில் கடைக் கதவு போய்விட்டிருந்தது. வெறும் நிலை மட்டும் நின்றது, கீல் இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகள். கடைக்காரர் வழக்கம்போல் கூட்டிப் பெருக்கி உட்கார்ந்தார். மணி இல்லாத வாசலில் மணி ஒலித்தது. தெருவில் யாரும் இல்லை, ஆனால் நிலைக்குள்ளிருந்து ஒருவர் இறங்கினார். வாயில் பல்துலக்கி, இடுப்பில் கைலி, மேலே பொத்தான் இல்லாத சட்டை. டோக்கன் கொடுக்கும் வங்கி எழுத்தர். தன் வீட்டு ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே பச்சைக் கதவு ஒன்று முளைத்திருந்ததாகவும், திறந்தால் இங்கே வந்ததாகவும் சொன்னார். வந்தது வந்துவிட்டோம் என்று ஒரு சட்டைப் பொத்தானுக்கு விலை கேட்டார். கடைக்காரர் சொன்னார். எழுத்தர் பாதியைச் சொன்னார். சொல்லிவிட்டு, பல்துலக்கியோடு நின்று பேரம் பேசும் தன் லட்சணம் அவருக்கே தாங்காமல் சிரித்துவிட்டார். மூக்கில் தொடங்கி, தொண்டையில் இறங்கி, வயிற்றில் உருண்டு, விசிலோடு. கடைக்காரர் வாயைத் திறந்தார். மூக்களவுக்கு ஒரு துணுக்குச் சிரிப்பு வந்தது. பொத்தான்காரி கையிலிருந்த ஊசிப் பொட்டலம் நழுவியது. அதைப் பொறுக்க அரை நாள் ஆயிற்று.

பிறகு வந்துகொண்டே இருந்தார்கள். அலமாரிக்குப் பின்னாலிருந்தும், மாடிப்படிக்கு அடியிலிருந்தும், ஒரு பல் மருத்துவரின் எக்ஸ்ரே அறையிலிருந்தும் வந்தார்கள். பள்ளி ஆசிரியை மூன்றாம் வகுப்பு முழுவதையும் வரிசையில் கூட்டிவந்து ஆளுக்கொரு பொத்தான் வாங்கிக் கொடுத்தாள். பேரம் பேசினார்கள், சிரித்தார்கள், பங்கை விட்டுவிட்டுப் போனார்கள். இத்தனை நாள் அவருடைய சிரிப்பை வைத்துப் பழகிய பழக்கத்தில் போகும்போது சொந்தச் சிரிப்பு தானாக வந்துவிட்டிருந்தது. வாளி வைத்த வீட்டுக்காரர்கள் வந்தபோது பொத்தான்காரி தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். தெருவில் கூரை வேலை செய்பவரை அந்த வாசல் வழியாகவே அவர்களோடு அனுப்பிவைத்தாள், கூலி கடைக் கணக்கில். கதவுக்கு வரி கேட்டு ஓர் அதிகாரி வந்தார். ஆயிரக்கணக்கான வீடுகளில் திறக்கிற கதவுக்கு எத்தனை வரி என்று அவருடைய புத்தகத்தில் இல்லை. நிலையை எட்டிப் பார்த்து, கதவு இல்லை என்று எழுதிக்கொண்டு, விட்டுப்போன கைப் பொத்தானைத் தைத்து வாங்கிப் போனார்.

வருஷங்கள் போயின. நாத்தனாருக்கு எக்ஸ்ரே அறை வழியாக ஒரு நல்ல வரன் வந்தது. சிரிப்பு இப்போது கிட்டத்தட்ட முழுசாக வந்துவிட்டது, முன்பைவிடக் கொஞ்சம் கனமாகவே. விசிலுக்கு முன்னால் ஆசிரியையின் திக்கல் ஒன்று, எழுத்தரின் விக்கல் ஒன்று கலந்திருக்கிறது. அது வட்டி என்கிறார் கடைக்காரர். மிச்சப் பங்குக்காரர்களுக்குத் தகவல் எழுதலாமா என்று பொத்தான்காரி கேட்டபோது, எங்கேயோ யாரோ சிரித்துக்கொண்டுதானே இருக்கிறார்கள், இருக்கட்டும் என்றுவிட்டார். கணக்கு இன்றைய தேதிக்கு இப்படி நிற்கிறது: வெளியே போன சிரிப்பு நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பங்கு. திரும்பி வந்தது மூவாயிரத்து அறுநூற்று நான்கு. பாக்கி எழுநூற்று எட்டு, வசூலிக்கப்போவதில்லை. கதவு, வராது, தேவையுமில்லை. மனைவிக்கு மாற்றித் தரவேண்டிய ஜிப் ஒன்று, இன்னும் பாக்கி.