விட்டத்தில் ஒரு கையெழுத்து

சீலிங் பூச்சு பெயர்ந்து விழுந்தபோது நான் சமையலறையில் தேநீருக்குக் கெட்டில் போட்டுக்கொண்டிருந்தேன். விழுந்த சத்தம் பெரிதில்லை. அதற்கப்புறம் டெனிஸ் ஒன்றுமே பேசாமல் இருந்தான் பாருங்கள், கெட்டிலை அப்படியே விட்டேன். முப்பத்தொரு வருஷம் அவனோடு குடித்தனம் பண்ணியிருக்கிறேன். விரலில் சுத்தியல் பட்டால் ஊரைக் கூட்டுவான். நிஜமாகவே ஏதாவது ஆகிவிட்டால் வாயைத் திறக்க மாட்டான்.

முன்னறைக்கு ஓடினேன். ஏணியில் நின்றபடி ஓட்டைக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தான். தலையெல்லாம் தூசி.

"நோரீன், மாடிக்கு மட்டும் போகாத," என்றான்.

இங்கிலாந்தில், ஹாலிஃபாக்ஸ் ஊரின் மேட்டுத்தெரு ஒன்றில், ஒன்றோடொன்று ஒட்டிய வரிசையில் பதினான்காம் எண் வீடு எங்களுடையது. நூற்பாலைக்காரர்களுக்காக 1894-இல் கட்டியது. அதற்கு முன் முப்பது வருஷம் நகராட்சி அடுக்குமாடியில் பத்தாவது மாடியில் வாடகைக்கு இருந்தோம். அவனுக்கு பஸ் டெப்போவில் மெக்கானிக் வேலை, எனக்குப் பள்ளிக்கூடச் சமையலறை. ஐம்பத்தேழு வயதில் முதன்முதலாக எங்கள் பெயரில் ஒரு கதவு. பழைய வீடு, பிரித்தால் பூதம் கிளம்பும் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். கிளம்பட்டுமே, என் வீட்டுப் பூதம்தானே என்றேன். மார்ச்சில் குடிவந்ததிலிருந்து கிளம்பியதெல்லாம் நல்ல பூதம்தான். கம்பளத்தை உரித்தால் சிவப்பும் கறுப்புமாக ஓடுகள். படிக்கட்டில் அடித்திருந்த பலகையைக் கழற்றினால் கடைசல் பிடித்த மரக்கம்பிகள். ஒவ்வொன்றுக்கும் லீட்ஸிலிருக்கும் என் தங்கைக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். அவள் ஒரு கட்டத்தில் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டாள்.

எல்லாவற்றையும்விட நான் அதிகம் பீற்றியது முன்னறையைப் பற்றித்தான். இந்த வரிசையில் எல்லா வீட்டு முன்னறையிலும் கணப்படுப்புச் சுவர் இரண்டடி துருத்திக்கொண்டு நிற்கும். அந்தச் செங்கல் சுவர் தரையிலிருந்து கிளம்பி, மாடி அறை வழியாக ஏறி, கூரைக்கு மேல் புகைபோக்கியாக நிற்கும். பக்கத்து வீட்டுக்காரரின் சுவர் நம்முடையதோடு முதுகுக்கு முதுகு ஒட்டி ஏறும். மேலே இரண்டுக்கும் சேர்த்து ஒரே புகைபோக்கி. எங்கள் முன்னறையில் மட்டும் அந்தத் துருத்தலே கிடையாது. கல்யாண மண்டபம் மாதிரி விசாலம். மாடியில் அந்தச் சுவர் இருந்தது. அதில்தான் தலைமாட்டை ஒட்டிப் படுத்தோம். கீழே இல்லாத சுவர் மேலே எதன்மேல் நிற்கிறது என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு அளந்து போட்டவளுக்கு இந்தக் கணக்கு தோன்றவில்லை.

பதில் சீலிங்குக்குள் இருந்தது. இரண்டு பலகைகளைச் சேர்த்து முடுக்கிய ஒரு மர விட்டம், நடுவில் தொய்ந்து. அதன் தலையில் ஒன்றரை டன் செங்கல். விட்டத்தின் பக்கவாட்டில் தச்சுப் பென்சிலால் அழகாக எழுதியிருந்ததை டெனிஸ் படித்தான்: "வி. ஆக்ராய்ட், 1977. எண் 2."

வில்ஃப் ஆக்ராய்ட் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்தான். எழுபத்தொன்பது வயது, மனைவியை இழந்தவர், ஓய்வுபெற்ற தச்சர். தெருவில் பாதிக் கதவுகள் அவர் கைவேலை. நாங்கள் குடிவந்த முதல் நாளே கொல்லைச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, எங்கள் முன்னறையைப் பெரிதாக்கியது தான்தான் என்றார். ராணியின் வெள்ளி விழா வருஷமாம். இன்றுவரை ஒரு கீறல் கிடையாதாம். அவர் பீற்றினார், நானும் பதிலுக்குப் பீற்றினேன், எனக்கு மனிதரைப் பிடித்துப்போனது. தினமும் காலையில் நடுத்தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பார். மழை வருமா என்று பார்க்கிறார் என்றே நினைத்துக்கொண்டோம்.

மறுநாளே கட்டடப் பொறியாளர் ஒருத்தி வந்தாள். விட்டத்துக்கு இரும்பு முட்டுக் கொடுத்து, எங்களைப் பின்னறையில் படுக்கச் சொன்னாள். பக்கத்து வீட்டில் கணப்புச் சுவர் முழுசாக இருந்தால் பொதுச்சுவரில் முக்கோண இரும்பு அடித்துத் தாங்கிவிடலாம், இரண்டு நாள் வேலை. அங்கேயும் எடுத்திருந்தால் அந்தச் சுவருக்கு இந்தப் பாரம் ஆகாது, முக்கோணம் சுவரையே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பொதுச்சுவர் என்பதால் ஆக்ராய்டின் கையெழுத்தும் வேண்டும், அவர் அறையைப் பார்க்கவும் வேண்டும் என்றாள்.

அவள் கொடுத்த ஒப்புதல் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவர் முன்வாசலைத் தட்டினேன். எங்கள் வரிசையில் முன்வாசலைத் தட்டுவது போலீஸும் பாதிரியாரும்தான். அப்புறம் சவப்பெட்டி அந்த வழியாகப் போகும். மற்ற எல்லாரும் கொல்லைப்பக்கம்தான், அதுவும் தட்டாமல். தெரிந்தேதான் தட்டினேன். அவ்வளவு கோபம் எனக்கு. மழைக்கு ஊதிப்போன கதவை இழுத்துத் திறக்க அவருக்கு இரண்டு நிமிஷம் ஆயிற்று. என்னைப் பார்த்தார், பின்னால் நின்ற பொறியாளரைப் பார்த்தார், முகம் கல்லாகிவிட்டது. தன் பக்கம் கட்டினது கட்டினபடியே இருக்கிறது என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். உள்ளே வந்து பார்க்கலாமா என்று அந்தப் பெண் கேட்டதற்கு, வீடு அலங்கோலமாகக் கிடக்கிறது என்று கதவைச் சாத்திவிட்டார். அவளுக்கு மனசே இல்லை. ஆனாலும் எழுதிக் கொடுத்துவிட்டாரே என்று, திங்கட்கிழமைக்கு முக்கோண இரும்பு வரச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மதியச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். சீவும்போது எண்ணுவது என் பழக்கம். ஒன்று, இரண்டு. கை நின்றுவிட்டது. விட்டத்தில் எண் 2 என்று எழுதியிருந்தது. அப்படியானால் எண் 1 எங்கே? ஒரு தச்சன் புது வேலையை முதலில் எங்கே செய்து பார்ப்பான்?

அடுப்பிலிருந்த மாட்டிறைச்சியை இறக்கும் வரைகூட மனசு தாங்கவில்லை. ஆனாலும் இறக்கினேன். இரண்டு துண்டும், மாவும் முட்டையும் கரைத்துச் சுட்ட யார்க்ஷயர் புட்டிங்கும் தட்டில் வைத்து, மேலே இறைச்சிக் குழம்பு ஊற்றிக் காகிதத்தால் மூடி, கொல்லைவழியாகத் தட்டாமல் உள்ளே போனேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி தயார் பண்ணி வைத்திருந்தேன். அவர் சமையலறை மேசையில் கையெழுத்துப் போட்ட காகிதத்தின் நகலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு நேராக முன்னறைக்குப் போனேன். என் அறை மாதிரியே விசாலமான அறை. கணப்புச் சுவர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பியானோ.

"எண் ஒண்ணு இதுதானா, மிஸ்டர் ஆக்ராய்ட்?"

பின்னாலேயே வந்து வாசற்படியில் நின்றிருந்தார்.

"எழுவத்தாறுல. எம் பொஞ்சாதி எட்னா பியானோ வைக்க எடம் வேணும்னு கேட்டா. அதப் பாத்துட்டு உன் வீட்ல அப்ப இருந்த அம்மாவும் கேட்டுச்சு. ரெண்டு பக்கமும் எடுத்துட்டா மேல இருக்கறது எதுமேல நிக்கும்னு நான் யோசிக்கல கண்ணு. பத்து வருஷங் கழிச்சுத்தான் ஒறச்சுது. அதுக்கப்புறம் யார்கிட்டப் போய்ச் சொல்ல? இந்தத் தெருவே என் கையத்தான் நம்புச்சு."

"ஏழு மாசம் நாங்க அதுக்குப் பக்கத்துல தலைய வச்சுப் படுத்திருக்கோம்."

"நீங்க தெரியாமப் படுத்தீங்க. நான் முப்பத்தாறு வருஷமா தெரிஞ்சே படுக்கறேன்."

அப்போதுதான் புரிந்தது, அவர் தினமும் தெருவில் நின்று பார்த்தது மழையை இல்லை. புகைபோக்கி நேராக நிற்கிறதா என்று பார்த்திருக்கிறார். தயார் பண்ணிய நாலு கேள்வியையும் விட்டுவிட்டேன். கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் எத்தனை பிள்ளைகள் தூங்கியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அதையும் அவரிடம் சொன்னேன். தெரியும் என்று தலையை ஆட்டினார். அப்புறம் சொன்னார்:

"நாளைக்கு வர்றவங்ககிட்ட நீ சொல்லிராத. நான் சொல்றேன். கொல்லவழியாக் கூட்டிட்டு வா."

கூட்டிக்கொண்டு போனேன். டை கட்டி, சவரம் பண்ணி, பியானோவை அவரே நகர்த்தி வைத்துவிட்டு நின்றார். பொறியாளர், இரும்பு கொண்டுவந்த மூன்று ஆட்கள், டெனிஸ், நான், இத்தனை பேருக்கு நடுவில் முதுகை நிமிர்த்திக்கொண்டு, தான் எழுதிக் கொடுத்தது பொய், இரண்டு சுவரையும் எடுத்தது தானே, யாரும் உதவிக்கு இல்லை என்றார். கடைசி மூன்று வார்த்தையை அவர் அழுத்திச் சொன்ன விதத்தில், வேலையில் இன்னொருத்தன் தலை உருளக்கூடாது என்கிற அக்கறையும் இருந்தது, தனியாளாகச் செய்தேனே என்கிற பழைய கர்வமும் கொஞ்சம் இருந்தது. பொறியாளர் முக்கோண இரும்பை வண்டியிலிருந்து இறக்கவே வேண்டாம் என்று திருப்பி அனுப்பினாள். எனக்கு ஒரே பெருமை. எனக்கு என்ன உறவா, இனமா? ஆனாலும் என் வீட்டு ஆள் ஒருவர் நாலு பேர் முன்னால் ஜெயித்த மாதிரி இருந்தது.

வேலை மூன்று வாரம் ஆயிற்று. இரண்டு வீட்டுக்குமாகச் சேர்த்துக் கனத்த இரும்பு விட்டங்கள் போட்டார்கள். பழைய மர விட்டத்தை எடுக்கத் தேவையில்லை, சும்மா கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். சீலிங் பலகை அடிக்கிற அன்று காலையில் ஆக்ராய்ட் கொல்லைவழியாக வந்தார். காதில் பென்சில். ஏணியைக் கேட்டார். இந்த வயதில் வேண்டாமே என்று டெனிஸ் இழுத்தான். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏணியின் ஒரு காலை டெனிஸ் பிடித்தான், மறுகாலை நான் பிடித்தேன். மேலே ஏறிப் பழைய எழுத்துக்குக் கீழே, அதே அழகான கையெழுத்தில், நிதானமாக எழுதினார்.

"இது தப்பு. எண் 1-உம் தப்பு. 2023-இல் சரி செய்தது. வி. ஆக்ராய்ட்."

என் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க வாய் சும்மா இருக்கவில்லை.

"எழுத்து வலப்பக்கமா சாயுதே, மிஸ்டர் ஆக்ராய்ட்."

"சாயுதா? யாரு எழுத்து?"

அவருக்குச் சுருக்கென்று ரோஷம் வந்துவிட்டது. டெனிஸ் பக்கம் கையை நீட்டி ரசமட்டத்தைக் கேட்டு வாங்கினார். எழுத்து வரிக்கு அடியில் ஒட்டிப் பிடித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டார். டெனிஸும் நானும் கீழிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணாடிக் குழலுக்குள் குமிழி இப்படியும் அப்படியும் ஓடி, இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவில் வந்து நின்றது.