செவ்வாய்க்கிழமைப் பெண்கள் காட்சி

படம் ஓடிய முப்பத்தோராவது வாரம், செவ்வாய்க்கிழமைப் பெண்கள் காட்சியில், கதாநாயகி கல்யாணத்துக்குச் சம்மதமில்லை என்று சொல்லிவிட்டாள். லாகூரில், மோச்சி வாசலுக்கு வெளியே இருந்த கொட்டகையில் இது நடந்தது. நிக்காஹில் காஜி மூன்று தடவை சம்மதம் கேட்பார், மணப்பெண் வாய் திறக்கமாட்டாள், பக்கத்தில் இருக்கும் அத்தை முக்காட்டின் மேல் கை வைத்து ஓர் அழுத்து அழுத்துவாள், தலை ஆடும், எல்லோரும் முபாரக் என்று வாழ்த்துவார்கள். வீடுகளிலும் அப்படித்தான், அந்த உருதுப் படத்திலும் அப்படித்தான். அன்றைக்கு அத்தை அழுத்தினாள், தலை இறங்கவில்லை. "சம்மதமில்லை" என்றாள் கதாநாயகி.

மாமியார் கொடுமையும் காசநோயும் சாவும் வரவேண்டிய மீதி ஒன்றரை மணி நேரமும் அவள் தகப்பன் வீட்டிலேயே இருந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்தாள், கீரைக்காரனோடு மல்லுக்கு நின்றாள், பள்ளிக்கூடத்தில் வேலை தேடிக்கொண்டாள். ஆண்களும் பார்க்க வரும் காட்சிகளில் மட்டும் பழையபடி கல்யாணம் கட்டிக்கொண்டு இருமி இருமிச் செத்தாள். விநியோகஸ்தர் புதுப் பிரதி அனுப்பினார், அதுவும் அதையேதான் செய்தது. "ரீலு அதே ரீலுதான், நான் என்னத்தப் பண்ண?" என்று சொல்லிவிட்டு ஆபரேட்டர் இனாயத் சிகரெட் பற்றவைத்தான். கூட்டம் குறையாததால் மேனேஜர் வாயைத் திறக்கவில்லை. இப்படியே இரண்டு வருஷம் போயிற்று.

பெண்கள் வாசலில் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்பது குர்ஷித்தின் வேலை. ஆம்பிளை எவனும் உள்ளே எட்டிப் பார்க்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புருஷன் செத்துப் பதினோரு வருஷமாக நின்றுகொண்டேயிருந்தவளுக்கு, திரையில் யார் என்ன சொன்னாலும் ஆச்சரியப்படத் தெம்பில்லை. ஆகவே அவளுடைய அண்ணன் ரஃபாகத், குஜ்ரன்வாலாவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும், மனைவியை இழந்த ஒருவரை அவள் மகள் ஃபர்கந்தாவுக்குப் பேசிக்கொண்டு வந்தபோது, சரி என்று தலையாட்டினாள். மாப்பிள்ளைக்கு வயது நாற்பத்து நான்கு, இரண்டு பிள்ளைகள். ஃபர்கந்தாவுக்குப் பத்தொன்பது.

"வேணாம்மா" என்றாள் ஃபர்கந்தா.

"எனக்கு முடியலடி. நின்னு நின்னு காலு மரத்துப் போச்சு. நீ ஒரு வீட்டுல போய் உக்காந்தா நானும் எங்கயாச்சும் உக்காருவேன்."

"என்னைத் தள்ளிவிட்டாத்தான் உனக்கு நாற்காலி கிடைக்குமா?"

குர்ஷித் மரத்துப்போன காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். பதில் சொல்வதற்கும் தெம்பு வேண்டுமே.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து நிக்காஹ். தலையை அழுத்த அத்தைமார் யாரும் உயிரோடு இல்லை, அதனால் அந்த வேலை தாயின் கைக்கு வந்தது. காஜி முதல் தடவை கேட்டார். இரண்டாம் தடவை கேட்டார். முக்காட்டுக்குள் மூச்சு மட்டும் கேட்டது. மூன்றாம் தடவை கேட்டதும் பெண்கள் எல்லோரும் குர்ஷித்தைப் பார்த்தார்கள். அவள் மகள் தலையில் கை வைத்தாள். கழுத்து கட்டைபோல விறைத்து நின்றது.

"சட்டுபுட்டுனு ஆகட்டும் குர்ஷித், புலாவ் ஆறுது" என்றார் ரஃபாகத், திரைக்கு அந்தப் பக்கமிருந்து.

"சம்மதமில்லை" என்று ஒரு குரல் கேட்டது. பதினாறு வயதுப் பெண்ணின் குரல், கொஞ்சம் நடுக்கத்தோடு. ஃபர்கந்தாவின் உதடு அசையவில்லை. பேசியது குர்ஷித்தின் வாய். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் தன் நிக்காஹில் அவள் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது, இப்போதுதான் வந்து சேர்ந்தது. அறையில் யாரும் மயங்கி விழவில்லை. ஒருத்தி கைக்குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

கிழட்டு காஜி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்கும் நிக்காஹ் நான்தானம்மா ஓதிவெச்சேன்" என்றார். "உன் புருஷன் மவுத்தாகி இத்தனை வருஷம் ஆச்சு, அதுல இனி நான் செய்யறதுக்கு ஒண்ணுமில்ல. பொண்ணு தன்னோடதைச் சொல்லட்டும்."

குர்ஷித் கையை எடுத்துவிட்டாள். ஃபர்கந்தா முக்காட்டை விலக்கினாள். "எனக்கும் சம்மதமில்லை" என்றாள், தன் சொந்தக் குரலில்.

காஜி பதிவேட்டை மூடினார். மாப்பிள்ளை வீட்டார் தூரத்திலிருந்து வந்தவர்கள், அதனால் சாப்பிட்டுவிட்டே போனார்கள். ரஃபாகத் சாப்பிடாமல் போனார், அதன் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவேயில்லை. மகள் பாத்திரங்களைக் கழுவப் போட்டுக்கொண்டிருக்க, குர்ஷித் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து அழுதாள். துக்கத்தால் அல்ல, இத்தனை காலம் கழித்தாவது தன் பதில் ஒருவர் காதில் விழுந்ததே என்றுதான்.